தோற்பதற்காகவே விதைக்கப்படும் கோவை நெல்

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால் பாசன வயல்களில் கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால், நெல் போட்டவர்களின் கண் இலைமேல்தான் இருக்கும். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. பவானிசாகரிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாயின் பாசனப் பரப்பு ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர். மஞ்சளுக்குப் பேர்போன சீமைதான் என்றாலும் வாய்க்கால் பாயும் இடமெல்லாம் நெல் உண்டு. பகலில் இதமான வெயில், இரவில் குளிர், விடிந்து வெகுநேரம் ஆகியும் இலையில் உலராத பனி. குலைநோய்க்கு இதைவிட வாகான பருவம் கிடையாது.

முதலில் இலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. ஓரிரு நாளில் அது நீளும். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் பூத்து, ஓரத்தில் பழுப்புக் கரை கட்டி, கண் வடிவத்துக்கு வந்துவிடும். புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தால் வரப்பில் நின்று பார்க்கும்போதே வயல் தீய்ந்து தெரியும். இலையோடு நின்றால்கூடப் பயிர் ஓரளவு தேறிக்கொள்ளும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தைப் பிடித்தால்தான் பெரிய இழப்பு. கதிருக்குக் கீழே உள்ள கணு கறுத்து, மேலே சத்து ஏறாமல், பால் பிடிக்க வேண்டிய மணிகள் எல்லாம் பதராகிவிடும். கதிர் வெளுத்து நிற்கும், அல்லது கழுத்தோடு ஒடிந்து தொங்கும்.

இந்த நோயைப் பற்றி விவசாயிகள் வேளாண் அலுவலர்களிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ‘நோயைத் தாங்கும்’ என்று சொல்லிக் கொடுத்த ரகம், மூன்று நான்கு வருஷம் தாங்கவும் செய்தது. இந்த வருஷம் மட்டும் ஏன் விழுந்தது? விதையில் கலப்படம் என்று சிலர் சந்தேகப்படுவார்கள், ரகமே கெட்டுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். யூரியா அதிகமாகிவிட்டதா என்றும் பார்ப்பார்கள். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் இவை எதுவுமே காரணமாக இல்லாத வயல்களும் உண்டு. விதை பழைய விதைதான், ரகமும் மாறவில்லை. மாறியது நோயை உண்டாக்கும் பூஞ்சாணம்.

பைரிகுலேரியா ஒரைசே என்பது அதன் பெயர். மேக்னபோர்த்தே ஒரைசே என்றும் எழுதுவார்கள். பேரிக்காய் வடிவில், மூன்று அறைகள் கொண்ட அதன் வித்து கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் காற்றில் கிளம்பி, ஈரமான இலையில் ஒட்டிக்கொண்டு முளைவிடும். முளையின் நுனி உருண்டு ஒரு சிறு குமிழாகும். அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் படிந்து உள்ளே இருப்பது வெளியே கசியாதபடி அடைத்துக்கொள்ள, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 80 வளிமண்டல அழுத்தம் வரைக்கும் ஏறுவதாக 1991ல் அளந்து சொன்னார்கள். ஒரு கார் டயருக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையில்தான் ஒரு மெல்லிய ஊசி இலையின் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. குலைநோய்க்கு நம் ஊரில் தெளிக்கிற டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சாணத்தை நேராகக் கொல்வதில்லை. மெலனின் உண்டாகாமல் தடுக்கிறது, அழுத்தம் ஏறாமல் குமிழ் தோற்றுப்போகிறது.

உள்ளே நுழைந்துவிட்டால் மட்டும் பூஞ்சாணம் ஜெயித்துவிடாது. இலையின் செல்லுக்குள் அது சில புரதங்களைச் செலுத்தும். செடியின் எதிர்ப்புச் சக்தியை மடக்குவது அவற்றின் வேலை. அந்தப் புரதங்களில் ஒன்றை அடையாளம் கண்டுகொள்ளும் மரபணு செடியில் இருந்தால், தாக்கப்பட்ட செல்லும் சுற்றியுள்ள செல்களும் உடனே தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும். உயிருள்ள செல் கிடைக்காமல் பூஞ்சாணம் அங்கேயே முடங்கும். இலையில் ஊசிமுனைப் புள்ளி மட்டும் மிஞ்சும், கண் வடிவம் வராது. தாங்கும் ரகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பூஞ்சாணம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு புரதத்தைக் கைவிட்டுவிட்டாலோ, கொஞ்சம் உருமாற்றிக்கொண்டாலோ, செடி ஏமாந்துவிடும். ரகம் அதே ரகமாகவே இருக்க, நோய் உள்ளே போய்விடும்.

ஆக, குலைநோய்ப் பூஞ்சாணம் எல்லாம் ஒன்றல்ல. எந்த ரகத்தைத் தாக்கும், எதைத் தாக்காது என்பதில் வேறுபடும் பல இனங்கள் அதற்குள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் ஒரே பேரிக்காய் வடிவ வித்துகள்தான். எது எந்த இனம் என்று பார்வையால் பிரிக்க முடியாது. செடிதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

செடியிடமே கேட்கும் இந்த முறை கோதுமையில் தொடங்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டாக்மன் என்ற விஞ்ஞானி, கோதுமைத் தண்டுத் துரு நோயின் இனங்களைப் பிரிக்கப் பன்னிரண்டு கோதுமை ரகங்களைத் தேர்ந்தெடுத்து, 1922ல் லெவின் என்பவரோடு சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். ஒரு துரு மாதிரியைப் பன்னிரண்டின்மேலும் தூவ வேண்டும். எவை விழுந்தன, எவை நின்றன என்று பார்க்க வேண்டும். அந்த வரிசைதான் அந்தத் துருவின் அடையாளம். பன்னிரண்டில் ஒன்று கப்ளி. நம் நாட்டில் காலங்காலமாகப் பயிராகிவந்த உமி ஒட்டிய கோதுமை அது. தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று வாங்கி உப்புமாவும் கஞ்சியும் வைக்கிறோமே, அதன் நெருங்கிய உறவு.

ஈரோட்டுக்காரர்களுக்குக் கோதுமைத் துரு தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர் குறையாததால் கோதுமைத் துரு ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கும். வங்கக் கடலில் புயல் மூளும் காலத்தில் காற்று இதன் வித்துகளை வடக்கே தக்காணத்துக் கோதுமை வயல்களுக்குக் கொண்டுபோகிறது. எந்தத் துரு இனம் வடக்கே போகப்போகிறது என்பதை முன்கூட்டி அறிய நீலகிரியைக் கவனித்தாக வேண்டும். வெலிங்டனில் அந்த நிலையம் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

நெல்லுக்கு வருவோம். குலைநோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1913ல். 1919ல் தஞ்சை டெல்டாவில் அது கொள்ளைநோயாகப் பரவியது. அன்றைய சென்னை மாகாணத்தின் வேளாண் ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் கோயம்புத்தூர். 1912ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தது. டெல்டாவில் விழுந்த நோய்க்குக் கோவையில் மருந்து தேடினார்கள், மருந்து என்றால் விதை. கைவசம் இருந்த ரகங்களை நோய்க்கு நடுவே வளர்த்துப் பார்த்ததில் கோ 4 தாங்கியது. தஞ்சைப் பகுதியில் விரும்பிப் பயிரிட்ட கொரங்குச் சம்பாத் தேர்வான ஆடுதுறை 10 நோய்க்கு எளிதில் விழுந்தது. இரண்டையும் கலந்து கோ 25 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். குலைநோய்க்கு எதிராகத் திட்டமிட்டுக் கலப்பு செய்த ஆரம்பகால நெல் ரகங்களில் அது ஒன்று. அந்த நாளைய கோவையின் நெல் ஆராய்ச்சியை வளர்த்த கே. ராமையா, பிற்பாடு 1946ல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். கோவைப் பள்ளியில் வளர்ந்த முறைகள் நாடெங்கும் போனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

தாங்கும் ரகம் ஏன் ஒரு காலத்துக்குப் பிறகு விழுகிறது என்பதற்கான அடிப்படை விடை 1940களில் வந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைச் செடியையும் அதைத் தாக்கும் துருவையும் வைத்துப் பல ஆண்டுகள் கலப்பு செய்து பார்த்த ஹெரால்ட் ஃப்ளோர், செடியில் உள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாக நோய்க்கிருமியிலும் ஒரு மரபணு இருக்கிறது என்று காட்டினார். இரண்டும் பொருந்தினால் செடி தப்பிக்கும். கிருமி தன் பங்கை மாற்றிக்கொண்டால் செடி விழும். இன்றைக்கு நெல்லில் குலைநோய் எதிர்ப்பு மரபணுக்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஃப்ளோர் சொன்ன கணக்கில்தான் வேலை செய்கிறது.

1960களில் ஒவ்வொரு நாடும் குலைநோய் இனங்களைத் தன் தன் ரகங்களை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தது. ஜப்பானில் முதல் இனம் என்றால் இந்தியாவில் அது எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் 1967ல் எட்டு ரகங்களைக் கொண்ட ஒரு பொதுத் தொகுதி வெளியானது. பிலிப்பைன்ஸில் பயிரான ராமினாட் ஸ்ட்ரெய்ன் 3, அமெரிக்காவின் ஜெனித், பீகாரின் பூசாவில் தேர்வான என்.பி. 125, சீனாவின் ஊசென், வங்கத்தின் துலார், ஜப்பானின் கான்டோ 51, சீனாவின் ஷா-தியாவ்-சாவ், கலிபோர்னியாவின் காலொரோ. உலகம் முழுக்க எந்த ஆய்வுக்கூடமும் இந்த எட்டின்மேல் தன் பூஞ்சாணத்தைத் தெளித்து, வரும் முடிவை மற்றவர்களோடு ஒப்பிடலாம்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ரகமும் ஒன்று விழும், இல்லையேல் நிற்கும். எட்டு ரகம் என்றால் இரண்டை எட்டு முறை பெருக்க வேண்டும்: 256 சாத்தியங்கள். 1969ல் லிங், ஊ என்ற இருவர் இந்த 256க்கும் பெயர் கொடுத்தார்கள். முதல் ரகமான ராமினாட் விழுந்தால் அந்த இனம் ஐஏ பிரிவு. மிச்சம் ஏழு ரகங்களின் முடிவைப் பொறுத்து அதற்குள் 128 எண்கள். ராமினாட் நின்று ஜெனித் விழுந்தால் ஐபி பிரிவு, அதில் 64. இரண்டும் நின்று என்.பி. 125 விழுந்தால் ஐசி, 32. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, எட்டும் நின்றுவிட்டால் கடைசியாக ஒரே ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டினால் 256 சரியாக வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரிபார்க்கலாம்.

சோயா மொச்சையில் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவுக்கும் அமெரிக்காவில் இதே வழியைத்தான் பிடித்தார்கள். அங்கே நான்கு ரகம், ஆகவே பதினாறு இனம். 1970ல் நான்கு இனங்களாகத் தொடங்கியது, 1988ல் பதினாறாக விரிந்தது. அந்தக் கதையின் பின்பகுதி நமக்கும் பாடமாக இருப்பதால் கடைசியில் அதற்குத் திரும்ப வேண்டும்.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நோய் கண்ட இலையின் ஒரு புள்ளியை வெட்டி, ஈரத்தில் வைத்து, வித்து கிளம்பியதும் ஒரே ஒரு வித்தை மட்டும் நுண்ணோக்கிக்கடியில் பிரித்தெடுப்பார்கள். ஒரு வித்திலிருந்து வளர்ந்தால்தான் அது கலப்பில்லாத ஓர் இனம் என்று நம்ப முடியும். அதை ஓட்ஸ் மாவு கலந்த அகார் தட்டில் வளர்த்துப் பெருக்குவார்கள். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் தட்டுகளில் மண் நிரப்பி, ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சிறு வரிசை என்று விதைத்து, பெயர் எழுதிய பட்டையைச் சொருகி வைத்திருப்பார்கள். நாற்று மூன்று நான்கு இலை விட்டு, மூன்று வாரம் ஆனதும், ஒரு மில்லி தண்ணீரில் ஏறக்குறைய ஒரு லட்சம் வித்து இருக்கும்படி கரைத்து, இலை முழுக்க நனைய மெல்லிய தூறலாகத் தெளிப்பார்கள். பிறகு ஒரு பகலும் இரவும் இருட்டான, ஈரம் நிறைந்த கூண்டில் வைப்பார்கள். வெப்பம் 25 டிகிரி. கார்த்திகைப் பனியைக் கூண்டுக்குள் உண்டாக்குவதுதான் நோக்கம்.

ஏழாம் நாள் தட்டை வெளியே எடுத்து ஒவ்வொரு வரிசையாகக் கணக்கெடுக்க வேண்டும். புள்ளியே இல்லையென்றாலோ, ஊசிமுனைப் பழுப்போடு நின்றாலோ அந்த ரகம் தாங்கிற்று. இரு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் பூத்த கண் தெரிந்தால் விழுந்தது. சந்தேகமான புள்ளிகளும் வரும்: உருண்டையாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், தாங்கிற்றா விழுந்ததா என்று தயங்க வைப்பவை. அனுபவம் உள்ளவர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அந்த ஒரு இலைமேல் பல நிமிடம் செலவிடுவதைப் பார்க்கலாம். தவறாக ஒரு குறி போட்டால் இனத்தின் எண்ணே மாறிவிடும்.

எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு வரிசையை. அதில் உறுதியாக விழும் என்று தெரிந்த ரகம் இருக்கும். அது விழவில்லை என்றால் அந்தத் தட்டையே ஒதுக்கிவிட வேண்டும். வித்து உயிரோடு இல்லையோ, ஈரம் போதவில்லையோ, மற்ற ரகங்கள் பச்சையாக நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாது. அந்த வரிசையில் உலகின் பல நெல் ஆய்வுக்கூடங்களில் நிற்கும் ரகங்களில் ஒன்று கோ 39. கோவையில் பிறந்தது. குறுகிய கால ரகமாக விவசாயிகளுக்காகத்தான் வெளியிட்டார்கள். குலைநோய் கண்டால் அது விழுந்த வேகத்தைப் பார்த்த பிறகு, வயலில் குறையாக இருந்த அதே குணம் ஆராய்ச்சியில் கோ 39க்கு வேறொரு வாழ்க்கையைக் கொடுத்தது.

அந்த வாழ்க்கை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பெரிதாக விரிந்தது. எட்டு ரகத் தொகுதியில் ஒரு சிக்கல் இருந்தது. ஜெனித்துக்கும் காலொரோவுக்கும் இடையே ஆயிரம் வேறுபாடுகள். ஒரு ரகத்துக்குள் எத்தனை எதிர்ப்பு மரபணுக்கள் ஒளிந்திருக்கின்றன என்பதும் தெளிவாகத் தெரியாது. ஒரே ரகத்தை அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை மட்டும் நுழைத்தால் முடிவு துல்லியமாக இருக்கும். அடித்தளம் எளிதில் விழுவதாக இருக்க வேண்டும். மாக்கில், பான்மன் என்ற இரு விஞ்ஞானிகள் கோ 39ஐ எடுத்துக்கொண்டார்கள். லைபீரியாவின் எல்.ஏ.சி. 23, கொலம்பியாவின் 5173, சீனாவின் பை-கான்-தாவ், வியட்நாமின் டெடெப் ஆகிய ரகங்களோடு கலந்து, வந்த செடிகளைத் திரும்பத் திரும்பக் கோ 39உடனேயே சேர்த்தார்கள். கடைசியில் கிடைத்தவை பார்வைக்குக் கோ 39ஆகவே இருக்கும், ஒரு சிறு துண்டு மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கும். 1992ல் இந்த வரிசைகளைப் பற்றி வெளியிட்டார்கள். சி101எல்ஏசி, சி101ஏ51, சி104பிகேடி, சி101பிகேடி, சி105டிடிபி என்ற இந்தப் பெயர்கள் குலைநோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் சலிக்காமல் வருகின்றன. ஒவ்வொன்றின் உடம்பும் கோயம்புத்தூருடையது. தமிழ்நாட்டில் இது போதுமான அளவு பேசப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றும் உண்டு, குலைநோய் ஆராய்ச்சியில் மிகவும் வியக்க வைத்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நெல்லைத் தாக்காமல் ஒரு வகைப் புல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சாணத்தின் மரபணு ஒன்றை ஆராய்ந்தார்கள். அந்த மரபணு இருந்தால் பூஞ்சாணம் கோ 39ல் நுழைய முடியவில்லை. எளிதில் விழும் என்று பெயரெடுத்த அதே கோ 39 அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர் வைத்தார்கள். 2002ல் கோ 39க்குள் இருக்கும் எதிர்ப்பு மரபணுவின் இடம் பதினோராவது குரோமோசோமில் என்று தெரிந்தது. 2013ல் அங்கே ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5 என்ற இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்வதும் தெரியவந்தது. ஆக, கோ 39 வெறுங்கையோடு நிற்கவில்லை. அது அடையாளம் காணக்கூடிய அந்தப் புரதம் நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் நம் வயலில் அது தோற்கிறது, புல்லில் வாழும் பூஞ்சாணத்திடம் ஜெயிக்கிறது. ஆர்ஜிஏ5ஐ மாற்றியமைத்து வேறு புரதங்களையும் அடையாளம் காண வைக்கும் முயற்சி அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் நடக்கிறது.

கோ 39க்குள் இப்படி ஒரு மரபணு இருப்பதால், அதைவிட வெறுமையான அடித்தளம் வேண்டும் என்று சீனாவின் யுன்னானில் விளையும் லீஜியாங் பகுதி நெல் ஒன்றையும் பிற்பாடு தேர்ந்தெடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக அதில் நுழைத்து, ஜப்பானும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் புதிய தொகுதி ஒன்றை உருவாக்கின. ஆனால் குளிர்நாட்டு நெல்லான அது வெப்ப நாட்டு வயலில் சுகமாக வளர்வதில்லை. வயலில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றால் கோ 39 வரிசைகள் கைகொடுக்கின்றன.

வயல் சோதனைக்குக் குலைநோய் நாற்றங்கால் என்று ஒரு முறை உண்டு. மேட்டுப் பாத்தியில் சோதிக்க வேண்டிய ரகங்களை அரை மீட்டர் நீள வரிசைகளாக நெருக்கமாக விதைப்பார்கள். பாத்தியைச் சுற்றிலும் இடையிடையேயும் கோ 39, எச்.ஆர். 12 போன்ற ரகங்களைப் போட்டுவிடுவார்கள். தழைச்சத்து வேண்டுமென்றே அதிகம், இரவில் பாலிதீன் மூடி, ஈரம் குறையாமல் தெளிப்பு. விழும் ரகத்தில் நோய் பெருகி நான்கு பக்கமும் வித்து தூவ, நடுவில் இருப்பவை தங்கள் பலத்தைக் காட்டியாக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு நெல் மதிப்பீட்டு மையம் இருக்கிறது. மழையும் மூடுபனியும் நோயும் இயல்பாகவே நிறைந்த ஊர் என்பதால் குலைநோய்ச் சோதனைக்கு அது பேர்பெற்ற களம். ஹைதராபாத்திலிருந்து ஒருங்கிணைக்கப்படும் அகில இந்திய நெல் ஆராய்ச்சித் திட்டம், நாட்டின் பல மையங்களில் அடையாளம் காட்டும் ரகங்களை ஆண்டுதோறும் விதைத்து, எந்த மரபணு எங்கே இன்னும் தாங்குகிறது என்று கவனிக்கிறது.

ஆண்டுதோறும் என்பது முக்கியம். 1968ல் அதே ஊவும் அயாத் என்பவரும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து 56 வித்துகளைத் தனித்தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தபோது 14 இனங்கள் கிடைத்ததாக எழுதினார்கள். பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இனங்கள் இவ்வளவு நிலையில்லாதவை அல்ல என்று வாதிட்டார்கள். 1990களில் மரபணுக் கைரேகை எடுத்துப் பார்த்தபோது, ஒரு பகுதியில் உலவும் பூஞ்சாணங்கள் பெரும்பாலும் சில வம்சங்களுக்குள் அடங்குவது தெரிந்தது. ஊ சொன்ன அளவுக்குக் குழப்பம் இல்லை. ஆனாலும் ஒரு வம்சம் தன் ஒரு புரதத்தை உதறிவிட்டு வெளியேறுவது எந்தப் பருவத்திலும் நடக்கலாம். இப்போது பூஞ்சாணத்தின் மரபணு வரிசையைப் படித்தே அறியப்பட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சொல்லிவிடலாம். அறியப்படாத புரதத்தைப் பற்றி அந்த வரிசை எதுவும் சொல்லாது, நாற்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் சோயாவின் கதைக்குத் திரும்பலாம். அமெரிக்க விதை நிறுவனங்கள் 88788 என்ற பதிவெண் கொண்ட ஒரு சோயா வரிசையின் எதிர்ப்பையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. மத்திய மேற்கு மாநிலங்களில் விற்கும் எதிர்ப்பு ரகங்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டில் அதுதான் இருந்தது. முப்பது ஆண்டுகளில் நூற்புழு பழகிக்கொண்டது. பைக்குமேல் ‘எதிர்ப்பு உள்ளது’ என்று அச்சிட்டிருக்கும், வயலில் எதிர்ப்பு குறைந்துகொண்டே வந்தது.

நம் ஊர் விதைப் பைகளிலும் இதே குறை இருக்கிறது. ‘குலைநோயைத் தாங்கி வளரும்’ என்று எழுதுகிறோம். எந்த மரபணுவால் தாங்குகிறது, எந்த ஊரின் பூஞ்சாணத்துக்கு எதிராக, எந்த ஆண்டில் சோதித்தது என்று எழுதுவதில்லை. கோபியில் ஒருவர் வெள்ளைப் பொன்னி போடுகிறார், பக்கத்தில் இன்னொருவர் பி.பி.டி. 5204 போடுகிறார். சோற்றுக்கும் விலைக்கும் இரண்டும் நல்லவை, குலைநோய்க்கு இரண்டும் இளகியவை. இவர்களுக்கு ரகத்தை மாற்றச் சொல்வது எளிதான யோசனை, நடைமுறையில் சந்தை விடாது. அவர்கள் விரும்பும் ரகத்துக்குள்ளேயே, தங்கள் வாய்க்காலில் உலவும் இனத்துக்கு இன்னும் விழாத மரபணுவை, முடிந்தால் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதே சரியான வழி. ஒரு புரதத்தைக் கைவிட்டுத் தப்பிக்கலாம், இரண்டையும் மூன்றையும் ஒரே நேரத்தில் கைவிடுவது பூஞ்சாணத்துக்குக் கடினம்.

பாஸ்மதியில் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். அவசரத்துக்கு வெளிக் காரணமும் ஒன்று இருந்தது. டிரைசைக்ளசோல் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதியை 2018 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாஸ்மதிக்கு நடைமுறைப்படுத்தியது. மருந்து தெளித்தால் அரிசி கப்பல் ஏறாது. கோ 39இன் உடம்பில் வளர்த்த சி101ஏ51 வரிசையிலிருந்து பை2 என்ற மரபணுவை டெல்லி பூசா நிறுவனத்தினர் முன்பே தங்கள் நெல் வரிசைகளுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். 2021ல் வெளியான பூசா பாஸ்மதி 1847, 1885, 1886 ரகங்களில் பை2, பை54 இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, இலைக்கருகலுக்கு எதிரான இரண்டு மரபணுக்களும் உடன் இருக்கின்றன.

பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் கிடைத்தது தடப்பள்ளி வாய்க்காலுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு முதல் வேலை, கார்த்திகையில் கொடிவேரிக்குக் கீழேயும் கீழ்பவானிக் கடைமடையிலும் புள்ளி விழுந்த இலைகளைச் சேகரித்து, பெயர் எழுதிய பட்டைகளோடு நிற்கும் அந்த நாற்றுகளின்மேல் தெளித்துப் பார்ப்பது. விவசாயியின் பங்கு அதில் சிறியது, ஆனால் அது இல்லாமல் நடக்காது: தாங்கும் என்று சொன்ன ரகத்தில் சாம்பல் பூத்த கண்ணைப் பார்த்ததும், மருந்துக் கடைக்குப் போகும் வழியில் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலோ, அந்த இலையை ஈரமில்லாமல் காகிதத்தில் மடித்து, ரகத்தின் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது.